ஏட்டில் இல்லாத தந்தை

பெயர் என்பது ஒருவரை அழைப்பதற்குரிய ஒலி மட்டும் அன்று. அவர் யார் வழி வந்தவர் என்பதை உலகுக்கு உணர்த்தும் குறிப்பும் ஆகும். மேலைநாட்டார்க்குக் குடும்பப் பெயர் உண்டு. சீனர்க்குக் குலப்பெயர் உண்டு. தமிழர்க்குப் பெரும்பாலும் இவ்விரண்டும் இல்லை. தந்தையின் பெயரே உண்டு. தமிழகத்தில் அது ஓர் எழுத்தாகச் சுருங்கிப் பெயருக்கு முன் நிற்கிறது. மலேசியாவிலோ, ‘அனாக் லெலாக்கி’, ‘அனாக் பெரம்புவான்’ என்னும் மலாய்ச் சொற்களின் சுருக்கத்துக்குப் பின்னே முழுப்பெயராகவே வாழ்கிறது. இன்னாருடைய மகன், இன்னாருடைய மகள் என்பதே அதன் பொருள். ஆகவே, மலேசியத் தமிழ்ப் பிள்ளை தன் பெயரை முழுமையாகச் சொல்லும் ஒவ்வொரு முறையும் தன் தந்தையையும் சேர்த்தே சொல்கிறது.

அவ்வாறு சொல்ல இயலாத பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களுடைய பிறப்புச் சான்றிதழில் தந்தைக்குரிய கட்டத்தில், தகவல் பெறப்படவில்லை என்று பொருள்படும் மலாய்த் தொடர் அச்சாகியிருக்கும். அதைக் காண்பவர், தந்தை இறந்துவிட்டார் என்றோ, குடும்பத்தைக் கைவிட்டுச் சென்றார் என்றோ எண்ணிக்கொள்வது இயல்பு. சில வீடுகளில் அஃது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் வேறு சில வீடுகளில், அன்று காலையில்தான் அத்தந்தை தம் பிள்ளையை மோட்டார் சைக்கிளில் ஏற்றிவந்து பள்ளி வாயிலில் இறக்கிவிட்டு வேலைக்கு விரைந்திருப்பார். அவர் வீட்டில் இருக்கிறார், ஏட்டில் இல்லை. வீட்டில் இருப்பவர் ஏட்டில் இல்லாமற்போவது எப்படி? ஏட்டில் இல்லாதவர் காலப்போக்கில் வீட்டிலும் இல்லாமற்போவது எதனால்? இவ்விரு வினாக்களும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை.

‘மணமாகாத பெற்றோர்’ என்னும் தொடரைக் கேட்டவுடன் பலருடைய உள்ளத்தில் ஒழுக்கக்கேடு என்னும் ஒரே எண்ணம் எழுகிறது. ஜொகூர் மாநிலத்து ஏழைத் தமிழ்க் குடும்பங்களை நோக்குமிடத்து, அத்தொடருக்குள் பல்வேறு வகையினர் அடங்கியிருப்பது தெரியவரும். கோயிலில் தாலி கட்டி, உற்றார் வாழ்த்த இல்லறம் புகுந்து, பதிவு மட்டும் செய்யாமல் விட்டவர் ஒரு வகையினர். முன்னைய மணம் முறிந்தும், மணவிலக்குப் பெற வழியோ பொருளோ இன்றி, புதிய துணையோடு வாழ்பவர் மற்றொரு வகையினர். அயல்நாட்டிலிருந்து வேலைக்கு வந்த பெண்ணோடு வாழ்பவர் இன்னொரு வகையினர். தற்காலிக வேலை அனுமதியில் வந்தவர் இங்கே மணம் புரியலாகாது என்பது அவ்வனுமதியின் நிபந்தனை. எனவே அவர்கள் விரும்பினும் பதிவு செய்துகொள்ள இயலாது. காதலித்துக் கூடி, பெற்றோர் சினத்துக்கு அஞ்சி ஒதுங்கி வாழும் இளையோரும் உண்டு. இவர்கள் வாழ்க்கை வேறு வேறு. அரசாங்கத்தின் ஏட்டிலோ இவர்கள் அனைவரும் ஒரே கட்டத்துக்குள் அடைபடுகிறார்கள்.

மணத்துக்குச் சான்று வேண்டும் என்னும் கருத்து தமிழர்க்குப் புதியது அன்று. பொய்யும் குற்றமும் தோன்றிய பின்னரே மணச் சடங்குகள் வகுக்கப்பட்டன என்று தொல்காப்பியக் கற்பியல் உரைக்கிறது. அதே கற்பியல், உடன்போக்கில் சென்ற காலத்துக் கொடுப்போர் இன்றியும் மணச் சடங்கு நிகழ்வதுண்டு என்பதையும் ஒப்புகிறது. சடங்கு வேண்டும் என்ற நூலே, கொடுப்போர் இன்றி மணந்தவரையும் இல்லறத்தார் வரிசையிலிருந்து நீக்கவில்லை என்பது எண்ணத்தக்கது. ஊரறிந்த வாழ்க்கை எனின் அதுவே சான்று. ஊர் சிறிதாய் இருந்தவரை அச்சான்று போதுமானதாய் இருந்தது.

ஜொகூரின் தோட்டங்களும் ஒருகாலத்தில் அத்தகைய சிற்றூர்களே. சிகாமட், லாபிஸ், குளுவாங், ரெங்கம், லாயாங் லாயாங், கூலாய் எனத் தொடர்வண்டிப் பாதையின் இருமருங்கும் நீண்டு கிடந்த பால்மரக் காடுகளில் கங்காணி முறையால் வந்து சேர்ந்த தமிழர்கள் லயங்களில் வாழ்ந்தனர். தொடக்கக் காலத்தில் ஆண்கள் மிகுதி. பெண்கள் மிகக் குறைவு. குடும்பம் அமைவதே அரிதாய் இருந்த அந்நாளில், சேர்ந்து வாழ்வோர்க்கு லயத்தாரின் ஒப்புதலே பதிவாயிற்று. 1938ஆம் ஆண்டில் இந்திய அரசு தொழிலாளர் குடியேற்றத்தைத் தடைசெய்த பின்னர், இங்கே தங்கியோர் நிலையான குடும்பங்களாக வேரூன்றினர். இன்னான் மகன் இவன் என்பதைக் கிராணியும் அறிவார், தண்டலும் அறிவார், ஆயாக்கொட்டகையில் பிள்ளை பார்த்த கிழவியும் அறிவாள். அறிந்தோர் நடுவே வாழ்ந்தவர்க்குத் தாள் எதற்கு?

தாளின் அருமையைக் காலம் கடுமையாகவே கற்பித்தது. குடியுரிமை இல்லாதார் வேலை செய்ய அனுமதிச் சீட்டுப் பெறவேண்டும் என்னும் சட்டம் 1968ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. அதன் விளைவாக, பல்லாண்டு பால்மரம் சீவிய கைகள் பலவும் வேலையை இழந்தன. பல்லாயிரவர் தமிழகத்துக்குக் கப்பல் ஏறினர். தங்கியவர்களுள்ளும், அடையாள அட்டை இல்லாத தாயும் பிறப்புச் சான்றிதழ் இல்லாத பிள்ளையும் ஒரே கூரையின்கீழ்த் தொடர்ந்து வாழ்ந்தனர். ஒரு தலைமுறையின் தாள் குறைவு அடுத்த தலைமுறையின் பிறவிக் குறைவாயிற்று. அடையாள அட்டை இல்லாத பெண் எவ்வாறு திருமணத்தைப் பதிவு செய்வாள்? பதிவில்லாத மணத்தில் பிறந்த பிள்ளை எவ்வாறு தந்தையின் பெயரைப் பெறும்?

இந்நிலையில்தான் 1976ஆம் ஆண்டின் சட்டச் சீர்திருத்த (திருமணம், மணவிலக்கு) சட்டம் 1982 மார்ச் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. முஸ்லிம் அல்லாதார்க்கு உரிய அச்சட்டம், ஒருவனுக்கு ஒருத்தி என்னும் முறையை நிலைநாட்டியது. அந்நாளுக்கு முன் வழக்கப்படி நிகழ்ந்த மணங்களை அஃது ஏற்றுக்கொண்டது. அந்நாளுக்குப் பின் நிகழ்வன யாவும் பதிவு செய்யப்பட வேண்டும் என்றது. கோயிலிலேயே பதிவு நிகழ்வதற்கும் வழி வைத்தது; துணைப் பதிவாளராக நியமனம் பெற்ற குருக்களோ கோயில் பொறுப்பாளரோ சடங்கையும் பதிவையும் ஒருங்கே நடத்தி வைக்கலாம். பெண்களுக்கு அச்சட்டம் ஒரு கவசம் என்பதில் ஐயமில்லை. ஆனால் கவசம் நகரத்தில் இருந்தது. அதை அணிய வேண்டியவர்கள் தோட்டத்தில் இருந்தார்கள். பதிவு அலுவலகம் சென்றுவர ஒருநாட் கூலியை இழக்க வேண்டும். பேருந்துக்குப் பணம் வேண்டும். சாட்சிகளை அழைத்துச் செல்ல வேண்டும். ‘சாமி சாட்சியாகக் கட்டிய தாலிக்கு மேல் என்ன சான்று?’ என்னும் நம்பிக்கையும் உடன் நின்றது. பதிவு செய்யாமை ஒன்றே மணத்தைச் செல்லாததாக்கிவிடாது என்னும் பொருளில் அச்சட்டத்திலேயே 34ஆம் பிரிவு உண்டு. எனினும் அலுவலகச் சாளரத்தின் முன் நிற்கும் தொழிலாளியிடம் 34ஆம் பிரிவை யாரும் கேட்பதில்லை, சான்றிதழைத்தான் கேட்கிறார்கள்.

மணப்பதிவு இல்லையெனின் பிள்ளையின் பதிவில் என்ன நிகழ்கிறது? 1957ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 13ஆம் பிரிவு இதற்கு விடை தருகிறது. மணமாகாத பெற்றோரின் பிள்ளையாயின், தாயும், தாமே தந்தை என ஒப்புக்கொள்பவரும் சேர்ந்து வேண்டினால் அன்றித் தந்தையின் பெயரைப் பதிவாளர் எழுதலாகாது. இருவரும் ஒருங்கே கையொப்பமிட வேண்டும். இவ்விதியின் நோக்கம் நல்லதே. தொடர்பில்லாத ஆடவன் ஒருவன்மீது பழி விழாமலும், கொடியவன் ஒருவனைத் தாய் விரும்பாதபோது அவன் உரிமை கொண்டாடாமலும் அது காக்கிறது. ஆனால் இன்றைய ஜொகூரில் அவ்விதி எளிய குடும்பம் ஒன்றை எவ்வாறு தொடுகிறது என்பதைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும்.

தோட்டங்கள் பல இன்று இல்லை. 1950களில் பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதே தொழிலாளர் இடம்பெயரத் தொடங்கினர். அத்துண்டாடலைப் பற்றி உங்கு அசிஸ் ஆய்ந்து எழுதிய நூல் அந்நாளின் துயரத்துக்குச் சான்று. பின்னர் பால்மரம் செம்பனைக்கு இடம் கொடுத்தது. 1970களுக்குப் பின் பாசிர் கூடாங் தொழிற்பேட்டையும் துறைமுகமும் எழுந்தன. ஜொகூர் பாருவைச் சூழ்ந்த தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. லயத்து மக்கள் மாசாய், ஸ்கூடாய், உலு திராம் முதலிய இடங்களின் மலிவுவிலை அடுக்குமாடி வீடுகளில் குடியேறினர். அங்கே தண்டல் இல்லை, கிராணி இல்லை, ஆயாக்கொட்டகைக் கிழவியும் இல்லை. அண்டை வீட்டாரின் பெயர்கூடத் தெரியாத மாடியில், இன்னான் மகன் இவன் என்று சொல்ல யார் இருக்கிறார்? தோட்டம் அழிந்தபோது ஏழையின் வீடு மட்டும் அழியவில்லை. அவன் வாழ்க்கைக்குச் சாட்சியாய் நின்ற ஊரும் அழிந்தது. எஞ்சிய ஒரே சாட்சி தாள். அந்தத் தாளோ அவனிடம் இல்லை.

ஜொகூர்த் தொழிலாளியின் நாள் விடியுமுன்பே தொடங்குகிறது. 1924ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட கடற்பாலத்தின் வழியாகவும், 1998இல் திறக்கப்பட்ட இரண்டாம் பாலத்தின் வழியாகவும் அன்றாடம் சிங்கப்பூருக்கு மோட்டார் சைக்கிளில் செல்லும் பெருங்கூட்டத்தில் அவரும் ஒருவர். பிள்ளை உறங்கும்போது புறப்படுகிறார். பிள்ளை உறங்கிய பின் திரும்புகிறார். குழந்தை பிறந்தால் பதிவுக்கென ஒருநாள் விடுப்பு எடுப்பது அவருக்கு எளிதன்று. தாய் மட்டும் அலுவலகம் செல்கிறாள். மணச் சான்றிதழ் இல்லை. கணவனும் உடன் இல்லை. கட்டம் வெறுமையாகிறது. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எண்ணுகிறார்கள். பிறகு பார்க்கப் புகுந்தால் மேலும் பல சான்றுகளும் பயணங்களும் தேவைப்படுகின்றன. ஆண்டுகள் கழிகின்றன. ஓர் ஒருநாட் கூலியின் அருமை, ஒரு பிள்ளையின் பெயரில் வாழ்நாள் முழுதும் வெறுமையாய் நின்றுவிடுகிறது.

மணமாகாத தந்தையரைப் பற்றி விரிவாக ஆராய்ந்தவர்கள் அமெரிக்கர்கள். அந்நாட்டில் 1998 முதல் 2000 வரை பெருநகரங்களில் பிறந்த ஏறத்தாழ 4,900 குழந்தைகளின் குடும்பங்களைப் பிரின்ஸ்டன், கொலம்பியா ஆகிய பல்கலைக்கழகங்களின் அறிஞர்கள் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். சாரா மெக்லனகன், இர்வின் கார்ஃபிங்கல் ஆகியோர் அம்முயற்சிக்கு முன்னின்றவர்கள். மணமாகாத பெற்றோரை வேண்டுமென்றே மிகுதியாகத் தேர்ந்தமையால், அவர்களே அவ்வாய்வில் நான்கில் மூன்று பங்கினராய் இருந்தனர். அதற்கு முன் அத்தந்தையரைப் பற்றி அந்நாட்டுப் பொதுமக்கள் கொண்டிருந்த கருத்து யாது? பெண்ணைக் கருவுறச் செய்துவிட்டு ஓடிப்போகிறவர்கள் என்பதே. ஆய்வு கண்ட உண்மையோ வேறு. குழந்தை பிறந்த வேளையில் அத்தகைய இணையரில் ஏறத்தாழப் பாதிப்பேர் ஒரே வீட்டில் வாழ்ந்தனர். ஒரே வீட்டில் வாழாவிடினும் அன்பால் இணைந்திருந்தோரையும் சேர்த்தால் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டோர் பிரியாதவர்கள். பெரும்பாலான தந்தையர் மருத்துவமனைக்கு வந்து குழந்தையைக் கண்டனர். பிள்ளையை வளர்ப்பதில் பங்குகொள்ள விரும்பினர். ஆயினும் ஐந்தாண்டுகள் கழித்து நோக்கியபோது, சேர்ந்திருந்தவர் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே.

இவ்வெண்கள் உணர்த்தும் பாடம் ஆழமானது. தந்தை தொடக்கத்தில் இல்லாதவர் அல்லர். இருந்து, பின்னர் இல்லாதவர் ஆனவர். நிலையான வேலை இன்மையும், குறைந்த கல்வியும், சிறைவாசமும், ஒருவர்மீது ஒருவர் கொண்ட நம்பிக்கைக் குறைவும் அப்பிரிவுக்கு வழி வகுத்தன. காத்தரின் எடின், திமோத்தி நெல்சன் ஆகிய இருவர், பிலடெல்பியாவிலும் அதன் அருகிலுள்ள கேம்டன் நகரிலும் 110 ஏழைத் தந்தையரோடு பழகி எழுதிய நூல் 2013இல் வெளிவந்தது. பிள்ளைகளை வெறுத்த தந்தையரை அவர்கள் பெரும்பாலும் காணவில்லை. பிள்ளையின் பிறப்பைத் தம் வாழ்வின் புதிய தொடக்கமாக எண்ணியவர்களையே மிகுதியாகக் கண்டார்கள். கையில் பணம் இல்லாதபோது பிள்ளையின் முன் நிற்க நாணி, வருகையைக் குறைத்துக்கொண்டு, மெல்ல மெல்ல மறைந்துபோனவர் பலர்.

அமெரிக்கப் பெருநகரம் வேறு, ஜொகூர் வேறு. அங்குள்ள எண்களை இங்கே பொருத்திப் பேசுவது தவறாகும். ஆனால் அவ்வாய்வு ஒரு கேள்வியைத் திருத்தித் தருகிறது. ‘தந்தை ஏன் ஓடினான்?’ என்பது பழைய கேள்வி. ‘இருந்த தந்தையை இருக்கவிடாமற் செய்தது எது?’ என்பது புதிய கேள்வி. பழைய கேள்வி குற்றவாளியைத் தேடுகிறது. புதிய கேள்வி வழியைத் தேடுகிறது.

இங்கே ஒன்றை மறைத்தலாகாது. தந்தையர் அனைவரும் சூழ்நிலையால் நொந்தவர் என்று சொல்வது பொய்யாகும். கூலியைச் சாராயத்தில் கரைத்தவரும், மனைவியை அடித்தவரும், வேறொருத்தியை நாடிச் சென்றவரும் தமிழ்ச் சமுதாயத்தில் இருந்தனர், இருக்கின்றனர். அத்தகையவன் பெயர் தன் பிள்ளையின் பெயரோடு ஒட்ட வேண்டா என்று ஒரு தாய் எண்ணினால் அவளைக் குறைகூற யாருக்கும் உரிமை இல்லை. 1950ஆம் ஆண்டின் மணமான பெண்கள், பிள்ளைகள் பராமரிப்புச் சட்டம், மணம் இன்றிப் பிறந்த பிள்ளைக்கும் தந்தை மாதந்தோறும் பொருள் தரவேண்டும் என நீதிமன்றம் ஆணையிட வழி செய்கிறது. ஆகவே கடமை என்று வரும்போது சட்டம் அவனைத் தேடிப் பிடிக்கிறது. உரிமை என்று வரும்போது அதே சட்டம் அவனைக் காணாததுபோல் கடந்து செல்கிறது. 21 வயது நிறையாதவர் மணம் புரியத் தந்தையின் எழுத்து இசைவு வேண்டும். அவர் மணமாகாத பெற்றோரின் பிள்ளையாயின் தாயின் இசைவே வேண்டப்படும். பிள்ளையைத் தோளில் சுமந்து வளர்த்தவர், அப்பிள்ளையின் மணவோலையில் கையெழுத்திட வேண்டாதவர் ஆகிறார்.

இத்துன்பம் தமிழர்க்கு மட்டும் உரியதன்று. ஜொகூரைச் சேர்ந்த முஸ்லிம் பெற்றோர் இருவர், மணமாகி ஆறு மாதம் நிறைவதற்குள் பிறந்த தம் குழந்தைக்குத் தந்தையின் பெயர் வேண்டி வழக்காடினர். பதிவுத்துறையோ ‘பின் அப்துல்லா’ என எழுதியிருந்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2017இல் பெற்றோர்க்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. கூட்டரசு நீதிமன்றம் 2020 பிப்ரவரியில் நான்கு நீதிபதிகள் ஒருபுறமும் மூவர் மறுபுறமுமாகப் பிரிந்து, தந்தையின் பெயரைச் சேர்த்தலாகாது என்றது. ‘பின் அப்துல்லா’ என எழுதியதும் தவறே என்றது. மலாய்க்காரர்க்குக் குடும்பப் பெயர் இல்லை என்பது அத்தீர்ப்பின் அடிப்படைகளுள் ஒன்று. அத்தீர்ப்பு பிற சமயத்தார்க்கு அப்படியே பொருந்தாது. எனினும் தந்தையின் பெயரையே தன் பெயரில் தாங்கும் மற்றோர் இனத்தாரும் இதே வெறுமையின்முன் கலங்கி நிற்கின்றனர் என்பதை அது காட்டுகிறது.

பெயரினும் பெரிய இழப்பு குடியுரிமை. கூட்டரசு அரசமைப்புச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, 17ஆம் பிரிவின்படி, மணமாகாத பெற்றோரின் பிள்ளையைப் பொறுத்தவரை தந்தை, பெற்றோர் என்னும் சொற்கள் தாயையே குறிக்கும். தாய் அயல்நாட்டவளாயின், தந்தை மலேசியக் குடிமகனாய் இருந்தும், ஜொகூர் மண்ணிலேயே பிறந்தும், பிள்ளை குடிமகன் ஆவதில்லை. பின்னர் மணந்தால் தீராதா எனலாம். 1961ஆம் ஆண்டின் சட்டம், பெற்றோர் பின்னர் முறைப்படி மணந்தால் பிள்ளையும் முறைப்படி பிறந்தோர் வரிசையில் சேர்வதற்கு இடம் தருகிறது. ஆனால் பிலிப்பீன்சில் பிறந்து, ஐந்து மாதங்களுக்குப் பின்னரே பெற்றோர் மணந்த ஒரு பிள்ளையின் வழக்கில், குடியுரிமை பிறந்த கணத்தைக் கொண்டே கணிக்கப்படும் எனக் கூட்டரசு நீதிமன்றம் 2021 மே மாதத்தில் பெரும்பான்மையால் தீர்ப்பளித்தது. தந்தை மலேசியர் என்பதில் ஐயமில்லை. ஐந்து மாதத் தாமதம் ஒரு நாட்டின் வாயிலை அடைத்துவிட்டது.

இப்பிள்ளைகளை முதன்முதலில் சந்திக்கும் வெளியுலகத்தார் ஆசிரியர்களே. வகுப்பு வருகைப் பதிவேட்டில் பெயர்களை எழுதும்போது, எந்தப் பெயர் பாதியில் நிற்கிறது என்பதை அவர்கள் கண்கள் காண்கின்றன. சாந்தோக்கிய உபநிடதத்தில் சத்தியகாமன் என்னும் சிறுவனின் கதை உண்டு. கல்வி வேண்டிச் சென்ற அவனிடம் கௌதமர் குலத்தைக் கேட்டார். தந்தை யார் என்பதைத் தன் தாய் சபாலையே அறியாள் என அவன் மறைக்காமல் சொன்னான். உண்மை உரைத்த அவனை அம்முனிவர் மாணவனாக ஏற்றுக்கொண்டார். தாயின் பெயரால் சத்தியகாம சாபாலன் என்றே அவன் புகழ்பெற்றான். கட்டத்தை நோக்காமல் பிள்ளையை நோக்கிய ஆசிரியர் அன்றே இருந்தார்.

ஆயினும் ஏற்றுக்கொள்வதோடு ஆசிரியர் பணி முடிவதில்லை. இன்றைய உலகம் கட்டத்தையும் கேட்கிறது. முதலாம் வகுப்பில் பிள்ளையைச் சேர்க்க வரும் நாளிலேயே, பெற்றோரை நாணச் செய்யாமல் தனியே அழைத்து, பதிவின் பயனை எடுத்துரைக்கலாம். மணத்தை இன்றும் பதிவு செய்துகொள்ளலாம் என்பதையும், அதனால் பிள்ளையின் பதிவைத் திருத்த வழி பிறக்கும் என்பதையும் சொல்லலாம். கோயில் நிருவாகத்தார், பதிவு அதிகாரம் பெற்ற ஒருவரைக் கொண்டே தாலி கட்டும் சடங்கை நடத்துவது என உறுதிகொள்ளலாம். மேளமும் மாலையும் எவ்வளவு இன்றியமையாதனவோ, அவ்வளவு இன்றியமையாதது அந்த ஒரு கையெழுத்து. 2011ஆம் ஆண்டில் அரசு ‘மைடஃப்தார்’ என்னும் பதிவு இயக்கத்தை இந்தியர்களிடையே நடத்தியபோது, அடையாளத் தாள் இன்றி வாழ்ந்தோர் பலர் வெளிப்பட்டனர். அத்தகைய இயக்கம் அரசுக்கு என்றோ ஒருநாள் நிகழும் விழாவாக இருக்கலாம். ஒவ்வொரு தமிழ்ப்பள்ளிக்கும் ஒவ்வொரு கோயிலுக்கும் அஃது ஆண்டுதோறும் நிகழும் அறமாக வேண்டும்.

ஈன்று வளர்ப்பது தாயின் கடன் என்றும், சான்றோன் ஆக்குவது தந்தையின் கடன் என்றும் பிரித்துரைத்தார் பொன்முடியார். அக்கடனை ஆற்ற விரும்பியும் வறுமையாலும் அறியாமையாலும் ஏட்டின் வெளியே நிற்கும் தந்தையர் ஜொகூரின் அடுக்குமாடிகளில் வாழ்கிறார்கள். அவர்களை ஓடியவர்கள் எனத் தூற்றுவது எளிது. உள்ளே அழைத்து அமரச் செய்வது அரிது. தந்தை ஒருவர் தம் பிள்ளையின் பெயரில் தம் பெயரைக் காணும்போது, பிள்ளைக்கு ஓர் உரிமை கிடைக்கிறது. அவருக்கோ ஒரு பொறுப்புக் கிடைக்கிறது. தன் பெயர் எழுதப்பட்ட வீட்டை விட்டு நீங்குவது யாருக்கும் அவ்வளவு எளிதன்று.